வேடியப்பன் கல்லும் கிரீட் தீவின் காளையும்

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில், மரத்தடியிலோ வயல் வரப்பின் ஓரத்திலோ எண்ணெய்ப் பிசுக்கேறி, மஞ்சளும் குங்குமமும் அப்பி நிற்கும் ஒரு பலகைக் கல்லை வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கலிட்டு வழிபடும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு, மத்தியதரைக் கடலின் நடுவே நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்த கிரீட் தீவின் மினோவ நாகரிகத்தை அறிமுகம் செய்ய வேண்டுமானால், பாடத்தை அந்தக் கல்லிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அந்தக் கல் ஒரு நடுகல். தொல்காப்பியம், கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி முதல் வாழ்த்து ஈறாக, அதை நாட்டும் சடங்கை ஆறு படிகளாக வகுத்துச் சொல்லுகிறது. மாடே செல்வம் என்றிருந்த அக்காலத்தில், பக்கத்து நாட்டார் இரவோடிரவாக வந்து ஓட்டிச் சென்ற ஆநிரையை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு ஊரார் செய்த மரியாதை அது. குழந்தையைக் கல்லருகே உட்காரவைத்து, அவசரப்படாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள், முன்வைத்த கால், காலடியில் கெண்டியும் சிமிழும், தலைக்கு மேலே வட்டெழுத்து வரிகள் என்று ஒவ்வொன்றாக அதுவே கண்டுபிடிக்கும். எழுத்து வரிகளில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எவருடைய சேவகன், எந்த ஊர்ப் பூசலில் மாண்டான் என்ற செய்திகள் சுருக்கமாக இருக்கும். 1972இல் செங்கம் நடுகற்களையும், அதன்பின் தருமபுரிக் கல்வெட்டுகளையும் டாக்டர் இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நூலாக்கியதனால்தான் அவ்வரிகள் நமக்கு எளிதில் கிட்டுகின்றன. அத்தகைய கற்கள் பலவற்றைத் தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் ஒருசேரக் காணலாம்.

குழந்தைகளுக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடிப்பது, அரூரை அடுத்த செங்கம் பகுதியில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் உள்ள கல்லாகத்தான் இருக்கும். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக எடுத்த அந்தக் கல்லில், அவனுக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் சாசனம் கூறுகிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணுமுன்பே பல்லவர் காலம் என்பது இந்த ஒரு நாயினால் குழந்தையின் மனத்தில் அழியாமல் பதிந்துவிடும். அரசர் வரிசையை மனப்பாடம் செய்வித்துச் சரித்திரத்தின்மீதே வெறுப்பை உண்டாக்கும் நம் வழக்கத்தை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் மேலிடுகிறது.

இப்போது கிரீட் தீவுக்குப் போகலாம். 1900ஆம் ஆண்டில் ஆர்தர் எவான்ஸ் என்ற ஆங்கிலேயர் நோசஸ் என்னுமிடத்தில் அகழத் தொடங்கி, பெரிய அரண்மனை ஒன்றை வெளிக்கொணர்ந்தார். அதன் சுவர்ச்சித்திரங்களில், பாய்ந்தோடும் காளையின் முதுகின்மேல் ஒருவன் தலைகீழாகத் தாவுகிறான். ஒருவர் முன்னின்று கொம்பைப் பற்றியிருக்க, மற்றொருவர் பின்னால் கைநீட்டி நிற்கிறார். பொங்கலையொட்டி எருது விடும் விழாவில் தெருவோரத்துத் திண்ணையேறி நின்று பார்த்த பிள்ளைக்கு இந்தச் சித்திரத்தை விளக்க வேண்டிய அவசியமே இராது. டால்பின்கள் நீந்தும் சித்திரத்தையும், எட்டுக்கால்களையும் விரித்த பேய்க்கணவாய் வரைந்த ஜாடியையும் கூடவே காட்டலாம். சிதறிக் கிடைத்த துணுக்குகளைச் சேர்த்து, இடைவெளிகளைப் பிற்காலத்து ஓவியர்கள் நிரப்பியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காலத்தை உணர்த்துவதற்கும் உள்ளூர்ச் சான்று இருக்கிறது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கி, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. நோசஸில் முதல் அரண்மனை எழுந்ததோ கி.மு. 1900 அளவில்தான்.

ஆனால் நடுகல்லைப் பார்த்துப் பழகிய பிள்ளை, அந்தக் காளைமேல் தாவுகிறவனின் பெயர் என்ன என்று கட்டாயம் கேட்கும். அவ்விடத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு வாய்த்த பாக்கியம் விளங்குகிறது. கருந்தேவகத்தியின் பெயரையும் அவன் நாயின் பெயரையும்கூட நாம் அறிவோம். மினோவர் களிமண் ஏடுகளில் கீறிவைத்த லீனியர் ஏ என்னும் எழுத்தையோ இன்றுவரை எவராலும் பொருளறிந்து படிக்க இயலவில்லை. அதே தீவில் பின்னர் வழங்கிய லீனியர் பி எழுத்து மட்டும் பழைய கிரேக்க மொழியைக் குறிப்பது என்று 1952இல் தெளிவாயிற்று. அதைக் கண்டறிந்த மைக்கேல் வென்ட்ரிஸ் தொழிலால் கட்டடக் கலைஞர். 1936இல், பதினான்கு வயதுப் பள்ளி மாணவராக லண்டனில் ஒரு கண்காட்சிக்குச் சென்றிருந்தபோது, முதியவரான எவான்ஸ் அந்த ஏடுகளைக் காட்டி, இவற்றை இன்னும் யாரும் படிக்கவில்லை என்று சொல்லக் கேட்டவர் அவர்.