தேடல் உபாயமும் தேசப்படமும்

வாடகைக்கு வீடு தேடி அலைந்தோர் யாவரும் ஒரு தொல்லையை நன்கறிவர். விளம்பரத்தில் வாடகை இருக்கும். அறைகளின் தொகை இருக்கும். அவ்வீடு எத்தெருவின் எம்மூலையில் உள்ளதென்பது மட்டும் புலப்படாது. இத்தொல்லையே 2005 ஆம் ஆண்டில் இணையத்திற் புதியதொரு வழக்கத்தைத் தோற்றுவித்ததென்பதை நம் இளைய மாணவர் பலர் அறியார்.

கலிபோர்ணியாவில் அசைபட நிறுவனமொன்றிற் கணினி வல்லுநராயிருந்த போல் றாடமேக்கர் அக்காலை வீடு தேடிக்கொண்டிருந்தார். விளம்பரங்கள் கிறெய்க்ஸ்லிஸ்ட் என்னுந் தளத்தில் வெறும் பட்டியலாய்க் கிடந்தன. தேசப்படமோ கூகிள் நிறுவனம் அவ்வாண்டு பெப்ரவரியிலே வெளியிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு படமாக அச்சிட்டுக் கையிற் கொண்டு திரிவதிலும், இரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்தாலென்ன என்று அவர் எண்ணினார்.

தேசப்படத்தை இயக்கும் நிரல், பார்ப்பவரது கணினிக்கே வந்து சேர்வது. ஆதலின் வல்லார் அதனைப் படித்தறியலாம். அவர் படித்தார், படத்தில் ஊசி குத்தும் முறையைக் கண்டறிந்தார். அவரது நிரல் ஒவ்வொரு விளம்பரத்திலுமுள்ள முகவரியைப் பிரித்தெடுத்து, உரிய இடத்தில் ஊசியை நாட்டியது. ஊசியைத் தொட்டால் வாடகையும் விவரமும் தோன்றும். ஏப்பிரிலில் வெளிவந்த இதற்கு ஹவுசிங்மாப்ஸ் என்பது பெயர். கூகிள் நிறுவனம் சினந்ததோவெனில், இல்லை. யூன் மாதத்தில், எவரும் தன் படத்தைப் பயன்படுத்துதற்கான முறையைத் தானே வெளியிட்டது. பின்னர் அவரைப் பணியிலும் அமர்த்தியது. வேலியைப் பிரித்து நுழைந்தவருக்குப் படலையைத் திறந்துவிட்டு, வீட்டிலே வேலையுங் கொடுத்தவாறு!

அதே ஆண்டில் ஏட்றியன் ஹொலொவாட்டி என்னும் பத்திரிகையாளர், சிக்காகோப் பொலிசார் வெளியிட்ட குற்றப் பதிவுகளைத் தெருவாரியாகப் படத்திலிட்டார். தம் வீதியில் நிகழ்ந்தவற்றை மக்கள் தாமே கண்டறிந்தனர்.

எனினும் இவ்வுபாயத்துக்கு ஒரு நலிவுண்டு. பட்டியலும் பிறருடையது, படமும் பிறருடையது. வீட்டு விளம்பரங்களை அவ்வாறே படத்திலிட்ட பாட்மாப்பர் என்னுந் தளத்தின்மீது கிறெய்க்ஸ்லிஸ்ட் 2012 இல் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டிலேயே தன் தளத்திலும் தேசப்படமொன்றைச் சேர்த்துக்கொண்டது. உபாயம் நல்லதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வீடு தேடப் பிறந்த இம்முறை உயிர் தேடவும் உதவியதையே நாம் பெரிதெனக் கொள்கின்றோம். 2007 இறுதியில் நடந்த தேர்தலின்பின் கென்யாவிற் கலவரம் மூண்டபோது, அந்நாட்டவர் சிலர் உஷாஹிடி என்னுந் தளத்தை 2008 சனவரியில் அமைத்தனர். சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குச் சாட்சியம் என்பது பொருள். கண்டவர் அனுப்பிய செய்திகள் இடங்குறித்துப் படத்தில் ஏறின. 2010 சனவரி 12 இல் ஹெயிற்றியைப் பூகம்பம் தாக்கியவேளையும் அத்தளம் விரைந்து இயங்கிற்று. இடிபாடுகளிடையே இருந்தோர் 4636 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினர். அவை பெரும்பாலும் கிறியோல் மொழியில் இருந்தன. மீட்புக்கு வந்த அந்நியர் அதனை அறியார். புறநாடுகளில் வாழ்ந்த ஹெயிற்றியர் அவற்றை மொழிபெயர்த்து, தாம் பிறந்து வளர்ந்த ஊரின் ஒழுங்கைகளை நினைவிற் கொண்டு இடங்குறித்தனர். தலைநகருக்கோ செவ்விய தேசப்படம் இருக்கவில்லை. எவரும் வரைந்து எவரும் எடுத்தாளக்கூடிய ஓபன்ஸ்றீற்மாப் என்னும் பொதுப்படத்தின் தொண்டர்கள், வானிலிருந்து எடுத்த நிழற்படங்களைப் பார்த்து, அந்நகரின் தெருக்களைச் சில நாட்களிலேயே வரைந்து கொடுத்தனர்.