மருத்துவரும் நகராட்சியும் கைகோத்தால்

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்று சிறு வயது முதல் படித்து வருகிறோம். நோய் வந்தால் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். ஆனால் அந்நோய் எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்க்கிறோமா? தேங்கி நிற்கும் சாக்கடை, காற்று நுழையாத வீடு, ஓடி விளையாட இடமில்லாத தெரு ஆகியவையும் நோயின் பிறப்பிடங்களே.

மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்துச் சாக்கடையைச் சீராக்க மருத்துவரால் இயலாது. அது நகராட்சியின் வேலை. எந்தத் தெருவைச் சீராக்கினால் அதிக உயிர்கள் பிழைக்கும் என்று நகராட்சியால் தனியே அறிய இயலாது. அதைச் சொல்ல மருத்துவர் வேண்டும். இவ்விருவரும் இணைந்தால் என்ன விளையும்? இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலின் வரலாறு இதற்கு விடை சொல்லும்.

நிலவறை வாழ்க்கை

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல் வணிகத்தால் லிவர்பூல் செழித்தது. செல்வம் குவிந்த அதே நகரில் ஆயிரக்கணக்கான ஏழைகள், வீடுகளுக்கு அடியிலிருந்த ஈரமான நிலவறைகளில் குடியிருந்தனர். கழிவுநீர் வெளியேற வழியில்லை. நல்ல தண்ணீருக்கும் பஞ்சம். எட்வின் சாட்விக் என்பவர் 1842இல் வெளியிட்ட அறிக்கை நாட்டையே திடுக்கிட வைத்தது. லிவர்பூலின் மேட்டுக்குடியினரில் இறந்தோரின் சராசரி வயது 35. தொழிலாளர் குடும்பங்களிலோ அது 15! பச்சிளங் குழந்தைகள் ஏராளமாக மாண்டதே அந்த எண் அவ்வளவு தாழ்ந்ததற்குக் காரணம்.

ஒரு கொப்பரையின் கதை

1832இல் அந்நகரில் காலரா பரவியது. கிட்டி வில்கின்சன் என்னும் ஏழைப் பெண்ணின் வீட்டில் வெந்நீர்க் கொப்பரை ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்தாருக்கு அவ்வசதி இல்லை. நோயாளிகளின் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெளுத்துக்கொள்ள, அவர்களைத் தம் வீட்டுக்கே அழைத்தார் கிட்டி. காலராவுக்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ராபர்ட் காக் விளக்கிக் காட்டியது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான். அதற்கு முன்பே கொதிநீரையும் தூய்மையையும் கொண்டு நோயை எதிர்த்தார் இப்பெண்மணி.

அவருடைய தொண்டு நகராட்சியின் கண்ணைத் திறந்தது. 1842இல் பிரெடரிக் தெருவில் பொதுச் சலவைக்கூடமும் குளியலறைகளும் திறக்கப்பட்டன. பின்னர் கிட்டியும் அவர் கணவரும் அதன் பொறுப்பாளராயினர். 2012இல் அந்நகரின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆண்களின் சிலைகளே நின்ற அம்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தாம்!

மூவர் கூட்டணி

1847 ஜனவரியில் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கனை லிவர்பூல் தன் சுகாதார அதிகாரியாக நியமித்தது. இத்தகைய பதவி இங்கிலாந்தில் அதுவே முதல். ஜேம்ஸ் நியூலண்ட்ஸ் என்ற பொறியாளரும், தாமஸ் ஃப்ரெஷ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றினர். மருத்துவர் நோயின் இருப்பிடத்தைக் காட்டினார். ஆய்வாளர் வீடுகளைச் சோதித்தார். பொறியாளர் பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்தார்.

அவர்களுக்கு முதல் ஆண்டே கடுஞ்சோதனையாக அமைந்தது. அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பி ஏறத்தாழ 3 லட்சம் பேர் 1847இல் அங்கு வந்திறங்கினர். டைபஸ் காய்ச்சல் கொள்ளை கொண்டது. நோயாளிகளுக்குப் பணி செய்த கத்தோலிக்கக் குருக்கள் பத்துப் பேர் அக்காய்ச்சலுக்கே பலியாயினர்.

மூவரும் செய்ததெல்லாம் உடனே நன்மையாக முடிந்துவிடவில்லை. நிலவறைகளை மூடியபோது, வெளியேற்றப்பட்டவர்கள் வேறிடமின்றி மற்ற வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டனர். கெட்ட வீட்டை மூடினால் மட்டும் போதாது, நல்ல வீட்டைக் கட்டித் தரவும் வேண்டும் என்ற பாடம் கிடைத்தது. 1869இல் அந்நகராட்சி கட்டிய செயின்ட் மார்ட்டின் குடியிருப்பே, இங்கிலாந்தில் நகராட்சி எழுப்பிய முதல் வாடகைக் குடியிருப்பாகும்.

பிரிந்தனர், மீண்டும் சேர்ந்தனர்

1974இல் இங்கிலாந்து அரசு இந்தச் சுகாதார அதிகாரிப் பதவியை நீக்கி, அப்பணியைத் தேசிய மருத்துவத் துறையிடம் ஒப்படைத்தது. தெருவையும் வீட்டையும் திட்டமிடுவோர் ஓர் அலுவலகத்தில். நோயை அறிந்தோர் வேறோர் அலுவலகத்தில். 39 ஆண்டுகள் சென்றபின், 2013இல், பொதுச் சுகாதாரப் பொறுப்பின் பெரும்பகுதி மீண்டும் உள்ளாட்சி மன்றங்களிடம் வந்தது.

இதற்குள் நோய்களும் மாறிவிட்டன. காலரா போய், நீரிழிவும் உடற்பருமனும் இதய நோயும் தனிமைத் துயரும் முன்வந்து நின்றன. ஆகவே 2016இல் மருத்துவத் துறை பத்துப் புதிய குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அவை திட்டமிடப்படும்போதே உள்ளாட்சிகளோடு கலந்து பணியாற்றத் தொடங்கியது. அவற்றுள் ஒன்றான பிஸ்டர் என்ற சிற்றூரில் நடைபாதைகளின்மீது நீலக் கோடு வரைந்தார்கள். அக்கோட்டைப் பின்பற்றி நடந்தால் சுமார் 5 கிலோமீட்டர் சுற்றி வரலாம். செலவு சிறிது, “நட, நட” என்று அறிவுரை கூறுவதைவிடப் பயன் பெரிது!

லண்டனின் 2021ஆம் ஆண்டு நகரத் திட்டமும் குறிப்பிடத்தக்கது. பள்ளி வாயிலிலிருந்து 400 மீட்டர் நடை தூரத்துக்குள், சுடச்சுடப் பொட்டலம் கட்டித் தரும் புதிய துரித உணவுக் கடைகளை அனுமதிக்கலாகாது என்கிறது அது. வறுத்த பண்டங்களை விரும்பும் நமக்கு இது சற்றே கசக்கலாம். ஆனால் மருந்தும் கசப்புத்தானே!

நாம் செய்யக் கூடியது

அன்புத் தோழியரே, பள்ளிக்கு வரும் வழியை நாளை சற்றுக் கவனித்துப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது? எங்கே நடைபாதை இல்லை? எங்கே நிழலில்லை? கண்டதை ஒரு தாளில் எழுதி, பெற்றோர், ஆசிரியர் துணையுடன் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். ‘நாம் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்?’ என்று தயங்க வேண்டாம். லிவர்பூலுக்குச் சலவைக்கூடம் வந்தது ஓர் ஏழைப் பெண்ணின் கொப்பரையால் அல்லவா?