ரசிகரின் ஆரூடம் பொய்ப்பது ஏன்?

கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் கால்பந்து அணிகள் மோதப்போகின்றன என்றால், இரு கட்சி ரசிகர்களும் தத்தம் அணிக்கே ஜயம் என்று சத்தியம் செய்வது ஏன்? மனம் தான் விரும்புவதையே நிகழக்கூடியதென்று நம்பும் சுபாவமுடையது. அன்றியும், தன் அணி போட்ட கோல்கள் ஞாபகத்தில் பசுமையாய் நிற்க, வாங்கிய கோல்கள் மங்கிவிடுவதால், அந்த ஞாபகத்தை ஆதாரமாகக் கொண்டு போடும் கணக்கும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கால்பந்திலோ கோல்கள் சொற்பம். ஆகையால் கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரே பந்து பலசாலியின் வெற்றியைப் பறித்துவிடக்கூடும். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘வைர’ வியூகத்தை நம்பி மோகன் பகான் ரசிகர்கள் நிச்சயித்திருந்த வெற்றியை, பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களோடு 4-1 என்ற கணக்கில் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போயிற்று. ஆதலால், அடுத்த ஆட்டத்தின் முடிவை ஊகிக்க விரும்புவோர், எவ்வணியையும் சாராத ஒருவரை விசாரிப்பதே உசிதம்.