ஆயில் என்ஜினில் டீசல் தடைப்படுவதைக் கண்டறிதல்

காவிரி டெல்டாவில் பில்டர் பாயிண்டிலிருந்து குறுவை நாற்றங்காலுக்கு நீர் இறைக்கவும், மின் இணைப்புக் கிடைக்காத கிணறுகளிலும் 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின்கள் இன்றும் உதவி வருகின்றன. நாற்று வாடும் நேரத்தில் என்ஜின் நின்றுவிட்டால், அவசரத்தில் பலர் முதலில் கழற்றுவது எரிபொருள் பம்பைத்தான். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய பாகமாகும். பெரும்பாலான கோளாறுகள் பம்புக்கு முன்னாலேயே, டாங்கியிலும் பில்டரிலும் இருக்கும். ஒரு ஸ்பேனரைக் கொண்டு உழவர்களே அவற்றைச் சரி செய்துகொள்ளலாம்.

இவ்வகை என்ஜின்களில் டீசல் தன் எடையினாலேயே டாங்கியிலிருந்து இறங்கி, பில்டர் வழியாகப் பம்பை அடைகிறது. பம்பு அதை அழுத்தி, தடித்த இரும்புக் குழாய் வழியே இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. அதன் முனையிலுள்ள நாசில், பல என்ஜின்களில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் திறந்து, டீசலைப் பனிபோலத் தூவுகிறது.

என்ஜின் கிளம்பாவிட்டால் முதலில் புகையைக் கவனியுங்கள். ஹேண்டிலைச் சுற்றும்போது புகையே வராவிடில் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை என்று கொள்ளலாம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. டீசலில் நீர் கலந்திருக்கலாம், அல்லது கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். ஓடும் என்ஜின் பாரம் ஏற்றியதும் கரும்புகை இல்லாமல் தளர்ந்தால் பில்டர் அடைத்திருக்கக்கூடும். கரும்புகையுடன் தளர்ந்தால் டீசலுக்குக் குறைவில்லை. ஏர் கிளீனரையும் நாசிலையும் பார்க்க வேண்டும்.

அடுத்து டாங்கியிலிருந்து தொடங்கி வரிசையாக வர வேண்டும். டாங்கிக் குழாய் திறந்திருக்கிறதா, நிறுத்தும் லீவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இது சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் பதற்றத்தில் மறப்பது இதைத்தான். என்ஜின் சிறிது நேரம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்து மீண்டும் கிளம்பினால், டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறக்கும்போது காற்றை இழுக்கும் ஓசை கேட்டால் சந்தேகமே வேண்டாம். டாங்கியின் அடியில் சிறிது டீசலை வடித்துப் பார்த்தால் நீர் இருப்பது தெரிந்துவிடும். காகித பில்டரைக் கழுவிப் போடுவது சிக்கனமாகாது. அடைத்தால் மாற்றிவிட வேண்டும்.

டாங்கி வற்றும்வரை ஓட்டினாலும், பில்டரைக் கழற்றி மாட்டினாலும் குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். பில்டரின் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் ஒரே சீராக வந்த பின் இறுக்க வேண்டும். பிறகு பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்ய வேண்டும். கடைசியாக, இன்ஜெக்டரை ஒட்டிய அழுத்தக் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடி ஹேண்டிலைச் சுற்றி, ஏர் வெளியேறியதும் நட்டை இறுக்குங்கள். இதன் பின் மெல்லச் சுற்றினால் இன்ஜெக்டரில் 'கிரீக்' என்ற ஒலி கேட்க வேண்டும்.

நட்டைத் தளர்த்திய இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் டீசல் துள்ளி வந்தும் அந்த ஒலி கேட்காவிடில் நாசிலைச் சந்தேகிக்கலாம். பம்புக்குள் வரும் குழாயில் டீசல் தாராளமாக வந்தும், வெளியே துள்ளாவிடில்தான் பம்பில் கோளாறு. அப்போதும் பம்பின் பல்சட்டம் பிசினேறிச் சிக்கியுள்ளதா என்று முதலில் பாருங்கள். பல மாதம் ஓடாத என்ஜினில் இவ்வாறு நேர்வதுண்டு. அது முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால் என்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ஆகவே தடையின்றி நகரும்வரை என்ஜினைக் கிளப்பக் கூடாது.

இன்ஜெக்டரை வெளியே மாட்டித் தூவலைப் பார்ப்போர் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாசிலுக்கு எதிரே கையை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். முதலில் வலியும் அதிகமிராது. ஆனால் உள்ளே சென்ற டீசல் சதையை அழியச் செய்யும். விரலைக் காப்பாற்ற உடனே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். மஞ்சள் தடவிக் கட்டிக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பம்பின் பிளஞ்சரும் பாரலும் ஒன்றோடொன்று சோடியாக இழைக்கப்பட்டவை. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். நாசிலும் அதன் ஊசியும் அப்படியே. ஒன்றை மட்டும் மாற்றுவதும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. இவற்றைப் பணிமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்புமுன் வெளிப்புறத்தை டீசலால் கழுவி, குழாய் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் தாளால் கட்டிவிடுங்கள். துணியால் அடைத்தால் அதன் நூலே உள்ளே போய்ச் சிக்கும். திரும்ப மாட்டும்போது இன்ஜெக்டர் அடியில் புதுச் செம்பு வாஷர் போடவும்.