நூடுல்ஸ் கவரைக் கசக்கி எறியும் முன்

கறி மசாலா போட்டுக் கிளறும் நூடுல்ஸுக்குப் பத்து நிமிடம் போதும். நூடுல்ஸை வேகவைத்து வடித்து, ஒட்டாமலிருக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறி வைத்துக்கொள்கிறோம். வாணலியில் வெங்காயம், கோஸ், கேரட், பீன்ஸ் வதங்கியதும் கறி மசாலாத் தூள், கொஞ்சம் சோயா சாஸ், கடைசியில் நூடுல்ஸ். முட்டை சாப்பிடுகிறவர்கள் ஓரத்தில் ஒன்றை உடைத்து ஊற்றிக் கொத்திவிடுவார்கள். பள்ளிவிட்டுப் பசியோடு வரும் பிள்ளைக்கும், இரண்டாவது ஷிப்ட் முடித்து வருபவருக்கும் இது கைகொடுக்கிறது. இதைச் சமைக்காதீர்கள் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

ஆனால் இந்த ஒரு வாணலிக்குள் குறைந்தது நான்கு நிறுவனங்களின் சரக்கு விழுகிறது: நூடுல்ஸ், மசாலா, சாஸ், எண்ணெய். ஏதாவது கோளாறு என்றால் கேட்க ஆள் உண்டு, சட்டமும் உண்டு. கேட்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தாளிப்பு முடிவதற்குள் கவர்கள் குப்பைக்கூடைக்குப் போய்விடுகின்றன. பேட்ச் எண், தயாரித்த தேதி, உரிம எண், விலை, சேர்மானம் எல்லாம் அதில்தான் அச்சாகியிருக்கின்றன. கவர் போனால் சாட்சியும் போச்சு.

நூடுல்ஸ் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு அஜினோமோட்டோ, அதாவது எம்.எஸ்.ஜி. (மோனோசோடியம் குளுட்டமேட்). 2015இல் நடந்த களேபரம் அந்தப் பயத்தை ஊர்ஜிதமாக்கிவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் 2014இல் எடுத்த மேகி மாதிரியிலிருந்து அது தொடங்கியது. அனுமதித்த அளவு பத்து லட்சத்தில் 2.5 பங்கு ஈயம். பரிசோதனை அறிக்கை 17.2 என்றது. ‘எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை’ என்று கவரில் போட்டிருந்தும் எம்.எஸ்.ஜி. இருந்ததாகவும் சொன்னது. 2015 ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்பது வகைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. தமிழக அரசும் அதே மாதம் மூன்று மாதத் தடை போட்டது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. பரிசோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் தரப்பு சரியாகக் கேட்கப்படவில்லை என்பவை காரணங்கள். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதித்தபோது ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது.

அந்த அமளியில் ஈயம் என்ற பெரிய கேள்வி பின்னுக்குப் போய், எம்.எஸ்.ஜி. வில்லனாக நின்றுவிட்டது என்பது என் எண்ணம். தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே குளுட்டமேட் இருக்கிறது. எம்.எஸ்.ஜி.யில் சோடியம் சுமார் 12 சதவீதம். சமையல் உப்பில் 39 சதவீதம். வழக்கமான அளவில் சேர்க்கும் எம்.எஸ்.ஜி.க்குப் பயப்பட வேண்டியதில்லை. சேர்த்துவிட்டுச் சேர்க்கவில்லை என்று அச்சடித்தால் அது சட்டப் பிரச்சினை. கவரில் 621 என்ற எண் இருந்தால் அது எம்.எஸ்.ஜி.; 627, 631, 635 ஆகியவை அதே குடும்பத்து ருசிகூட்டிகள்.

பயப்பட வேண்டியது உப்புக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராமுக்குக் கீழே. கவரின் பின்பக்கத்தில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்றே போடுவார்கள், அதுவும் 100 கிராமுக்குக் கணக்கிட்டு. உங்கள் கவரில் 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் என்று இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். 70 கிராம் பாக்கெட்டில் அது 840 மில்லிகிராம். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு வரும்: 2.1 கிராம். இதன்மேல் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் ஊற்றினால் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. காய் வதக்கும்போது கைப்பழக்கத்தில் போடும் உப்பு இன்னும் கணக்கில் வரவில்லை. கடையில் வாங்கும் கறி மசாலாவிலும் பல கம்பெனிகள் உப்பு சேர்க்கின்றன, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். ஒரு நாள் முழுவதற்குமான உப்பு ஒரே தட்டில் தீர்ந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு வரம்பு இதைவிடக் குறைவு.

இதற்குப் பரிகாரம் எளிது. மசாலா பாக்கெட்டில் பாதியை மட்டும் போட்டு, மீதிக்கு மிளகுத் தூள், சீரகத் தூள், மல்லித் தூள், கறிவேப்பிலை சேர்த்தால் ருசி குறையாது, சொல்லப்போனால் கூடும். சாஸ் போட்டால் உப்பு வேண்டாம். இன்னும் நல்லது, மசாலா பாக்கெட் இல்லாத ஹக்கா நூடுல்ஸோ அரிசி சேவையோ வாங்குவது. உடனடி நூடுல்ஸ் பெரும்பாலும் பாமாயிலில் பொரித்துக் காயவைக்கப்படுகிறது, அதனால்தான் இரண்டே நிமிடத்தில் வேகிறது. ஹக்கா வகைக்குப் பொதுவாக அந்த எண்ணெய்ச் சுமை இல்லை.

அடுத்து மசாலா. 2024 ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் இரண்டு பெரிய இந்திய நிறுவனங்களின் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக அறிவித்து, விற்பனையை நிறுத்தச் சொன்னது. அந்த நான்கு பொடிகளில் ஒன்றின் பெயரே ‘மெட்ராஸ் கறி பவுடர்’. அதே மாதம் சிங்கப்பூரும் மீன் குழம்பு மசாலா ஒன்றைத் திரும்பப் பெற வைத்தது. கிருமிகளைக் கொல்லப் பயன்படும் இந்த வாயுவை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. இது கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது, வீட்டில் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

வீட்டில் ஓரளவு பார்க்கக்கூடியது சாயம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டு அசைக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும், தண்ணீர் வெளிறிய மஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுவதும் அடர் மஞ்சளானால் சந்தேகப்படலாம். மிளகாய்த் தூளைத் தண்ணீரின் மேல் தூவும்போது சாயம் கோடு கோடாக இறங்கினால் அதுவும் சந்தேகம்தான். மஞ்சளுக்கு மினுமினுப்பு ஏற்ற ஈயக் குரோமேட் சேர்க்கும் வழக்கம் தெற்காசியாவில் உண்டு. அதை இந்த டம்ளர் சோதனை உறுதியாகக் காட்டாது. சந்தேகம் வந்தால் ஆய்வகம்தான். உதிரியாகக் கட்டிக் கொடுக்கும் பொடிக்கும் சட்டம் பொருந்தும் என்றாலும், பெயரும் பேட்ச் எண்ணும் இல்லாததால் எங்கிருந்து வந்தது என்று பிடிப்பது சிரமம். மிளகாயும் மல்லியும் வாங்கி வெயிலில் காயவைத்து மெஷினில் அரைத்து வைப்பது இன்னும் நல்ல வழி, பூஞ்சை பிடித்த மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டால்.

சமைத்த பிறகு வரும் ஆபத்தில் நிறுவனத்துக்குப் பங்கில்லை, அது நம் கையில். அரிசி, சேமியா, நூடுல்ஸ் போன்ற மாவுச்சத்து உணவுகளில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். சமைத்ததை அடுப்பு மேடையிலேயே விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 2008இல் பெல்ஜியத்தில் ஐந்து நாள் வெளியிலேயே வைத்திருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் மறுநாள் காலைக்குள் இறந்துபோனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அது அரிதான முடிவு. ஆனால் சென்னை வெயிலில் ஐந்து நாள் தேவைப்படாது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு மேடையில் கிடந்த நூடுல்ஸைக் காலையில் டிபன் பாக்ஸில் கட்டாதீர்கள். பிள்ளைக்குக் கொடுப்பதானால் காலையில் புதிதாகச் செய்து, சூடாகவே ஹாட்பாக்ஸில் போடுங்கள்.

பெருந்தீயில் கிளறும் சமையல் என்பதால் கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கசிவுக்கு 1906ஐ அழைக்கலாம். பதிவு பெற்ற வீட்டு இணைப்பில் சிலிண்டர் விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை. பிரீமியத்தை நிறுவனங்களே கட்டுகின்றன. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதைத்தான் பல குடும்பங்கள் செய்வதில்லை.

இனி உரிமைக்கு வருவோம். பாக்கெட்டைப் பிரித்தால் புழு, பூச்சி, கம்பி என்று ஏதோ கிடக்கிறது. அதை எடுத்து எறியாமல், பேட்ச் எண்ணும் தேதியும் தெரியும்படி கவரோடு சேர்த்துப் படம் எடுங்கள். பொருளை அப்படியே மூடிய கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். முடிந்தால் அதே கடையில் அதே பேட்ச்சில் பிரிக்காத பாக்கெட் ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், ‘பாக்கெட்டை அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்’ என்பார்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த கையோடு ஆதாரம் போய், நாலைந்து இலவசப் பாக்கெட்டுகளோடு விஷயம் முடிந்துவிடும்.

தமிழக உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம். மாவட்ட நியமன அலுவலரிடம் நேரிலும் கொடுக்கலாம். கவரில் உள்ள 14 இலக்க உரிம எண் உண்மையானதா என்று ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006இன்படி உணவில் வெளிப்பொருள் கலந்திருந்தால் 1 லட்சம் ரூபாய் வரையும், லேபிளில் பொய்த் தகவல் இருந்தால் 3 லட்சம் வரையும், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு பிரிவு இதே சட்டத்தில் இருக்கிறது. 40ஆம் பிரிவின்படி பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனை செய்துகொள்ளலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். உணவில் கோளாறு என்பது சங்கங்கள் மட்டுமே கேட்க வேண்டிய விவகாரம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், தனி ஆளும் கேட்கலாம்.

அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உணவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு வழி செய்கிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. வயிற்றுப்போக்கு என்று மருத்துவமனைக்குப் போனால் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குவது இதற்காகத்தான்.

இன்னொரு கதவு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. முதலில் 1915க்கு அழையுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இணையத்திலும் போடலாம். ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை அனுப்பும். பிரச்சினை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.