தண்ணீர் வராத பள்ளியில் யாருடைய படிப்பு முதலில் நிற்கிறது?

விழுப்புரத்துக்கு வடமேற்கே இருக்கும் பனமலைக்கு இரண்டு அடையாளங்கள்: குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், குன்றின் அடியில் பெரிய ஏரி. கோயிலில் மிச்சமிருக்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் வருவதுதான் நிச்சயமில்லை. திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில், துரிஞ்சலாற்றின் அணைக்கட்டில் பிரியும் நந்தன் கால்வாய் சுமார் 38 கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து முடிய வேண்டும். அதை நம்பி 36 ஏரிகள் இருக்கின்றன, பனமலை கடைமடை. வழியில் தூர்ந்துபோன இடம், கரை உடைந்த இடம், சீமைக் கருவேலம் அடைத்த இடம் எல்லாவற்றையும் தாண்டி மிஞ்சுவதுதான் இந்த ஊருக்கு. சாத்தனூர் அணையின் உபரி நீரை இந்தக் கால்வாயில் திருப்பிவிடுங்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்குள்ளும் ஒரு கடைமடை உண்டு. நடக்க முடியாத பிள்ளை, பார்வையில்லாத பிள்ளை, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீடுதான் அது. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அந்த வீடு. அடுத்து நின்றுபோவது அந்தப் பிள்ளையின் படிப்பு. தண்ணீருக்கு ஒரு துறை, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு துறை என்று அரசு பிரித்து வைத்திருப்பதால், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முடிச்சு யார் கண்ணிலும் படுவதில்லை.

கோடையில் ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். போர் வற்றி, மினி டேங்க்கில் தண்ணீர் விடும் நேரம் எட்டு மணிக்குத் தள்ளிப்போகிறது. அம்மா குடத்தோடு வரிசையில் நிற்கிறார். மூளை முடக்குவாதம் உள்ள மகனைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய் விடுவதும் அதே அம்மாதான். ஒன்பது மணிக்குள் இரண்டு வேலையும் முடியாது. தண்ணீர் பிடிக்காமல் சமைக்க முடியாது என்பதால் அன்று பள்ளிக்கூடம் இல்லை. இப்படி நான்கு நாள் போனால் ஐந்தாம் நாள், "இவன் வந்து என்ன படிக்கப்போகிறான்" என்ற பேச்சு வீட்டிலேயே வந்துவிடுகிறது. ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. சிறுநீர், மலம் கட்டுப்படாத பிள்ளை இருக்கும் வீட்டில் துணியும் படுக்கை விரிப்பும் அலசுவதற்கே அதில் பெரும் பங்கு போய்விடும்.

பள்ளிக்குள் போனால் ஆபத்து வேறு விதம். கழிப்பறையில் தண்ணீர் இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகள் எப்படியோ சமாளிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமியால் முடியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். தொடர்ந்து இப்படி இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும், வெயில் காலத்தில் மயக்கம் வரும். வயதுக்கு வந்த பிறகு மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வருவதே நின்றுவிடும். வருகைப் பதிவேட்டில் இது "விடுப்பு" என்று மட்டும் இருக்கும். காரணம் குழாய் என்று எங்கும் எழுதியிருக்காது.

மழை இல்லாத ஊரா இது? இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் கொட்டியது, மாவட்டமே மிதந்தது. வந்த மழையை நிறுத்தி வைக்கத்தான் இடமில்லை. கணக்கு எளிது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் மழை விழுந்தால், வீணாவது போகவே ஏறத்தாழ 80,000 லிட்டர் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பள்ளிக் கட்டடமும் அதில் சேர்த்திதான். உங்கள் ஊர்ப் பள்ளியின் குழாய் எங்கே போய் இறங்குகிறது, தொட்டிக்குள்ளா தரைக்கா, என்று மழைக்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். மேலே குழாய் இருக்கும், கீழே குழி மண்மூடிக் கிடக்கும். பல இடங்களில் நிலைமை இதுதான்.

இனி உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு; அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி மற்ற பிள்ளைகளுக்கு இது 14 வயதோடு முடிகிறது. புத்தகங்களும் உதவிக் கருவிகளும் 18 வயது வரை இலவசம். கட்டடமும் வளாகமும் கழிப்பறையும் அவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் 16ஆவது பிரிவில் இருக்கிறது. தடையில்லா வழி, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர் ஆகியவை கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளவை. எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறையும் குடிநீரும் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே உத்தரவிட்டுவிட்டது.

அணுகும்படி என்றால் என்ன? ஓர் அடி உயரத் திண்ணைக்குக் குறைந்தது 12 அடி நீளச் சாய்தளம். சக்கர நாற்காலி நுழையும் 90 சென்டிமீட்டர் அகலக் கதவு. உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் உயரத்தில் குழாய். அதிலும் திருகும் குழாய் வேண்டாம். விரல் மடங்காத பிள்ளை புறங்கையால் தட்டினாலே திறக்கும் லீவர் குழாய் வேண்டும். சரியாக மூடாத திருகு குழாயில் நாளெல்லாம் சொட்டும் தண்ணீரும் இதனால் மிச்சமாகும். இந்தச் சின்ன மாற்றத்துக்காகக் கேட்கத் தயங்கவே கூடாது.

பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, தனித்துவ அடையாள அட்டை வாங்குவது. அது இல்லாமல் எந்த மேசையிலும் கோப்பு நகராது. வட்டார வள மையத்தில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். பள்ளித் தலைமையாசிரியரிடம் தேதி கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி, போக்குவரத்துப் படி, துணையாளர் படி இருக்கின்றன. அறவே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. ஆனால் தண்ணீர் இல்லை என்பதற்காக வரக்கூடிய பிள்ளையை வீட்டுவழிப் பட்டியலில் தள்ளினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம். கல்வி உதவித்தொகைக்கும், கடும் பாதிப்புள்ளோருக்கான மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்டும் கிடைக்காவிட்டால்? வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் எழுத்தில் கொடுங்கள். தலைமையாசிரியருக்கும் ஊராட்சிக்கும் ஒரே மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்தது விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் நாள். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரிப்பதில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரையை ஏற்காத அலுவலகம் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு கூட்டங்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நடக்கிறது. அன்று ஏரி வரத்துக் கால்வாயைப் பற்றிப் பேசாத ஊர் இல்லை. பள்ளிக் கழிப்பறைக்குத் தனிக் குழாய் இணைப்பு, மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்கு முன்னுரிமையோடு வீட்டுக் குழாய், லாரித் தண்ணீர் வந்தால் வாசலிலேயே கொடுப்பது ஆகிய மூன்றையும் அதே கூட்டத்தில் தீர்மானமாகக் கேளுங்கள். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் அந்த இடம் நிரம்பியிருக்கிறதா என்றும் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் எண்ணும் தேதியும் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆட்சியரிடமோ ஆணையரிடமோ போகும்போது மனுவோடு முதலில் இணைக்க வேண்டிய தாள் அந்த நகல்தான்.