பொலனறுவை அரசி லீலாவதி

மாணவர்களே, பொலனறுவை இராச்சியம் என்றதும் முதலாம் விஜயபாகு, மகா பராக்கிரமபாகு, நிஸ்ஸங்கமல்லன் ஆகிய மூவரையும் பாடமாக்கிவிட்டு, நேரே மாகனின் படையெடுப்புக்குத் தாவிவிடுகிறீர்கள். 1196 இற்கும் 1215 இற்கும் இடைப்பட்ட காலத்தைப் பலர் தொடுவதே இல்லை. அக்காலத்தை விளங்கிக்கொள்ள ஓர் அரசியின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தாலே போதும்.

லீலாவதி, மகா பராக்கிரமபாகுவின் (1153 - 1186) அரசியருள் ஒருத்தி. அம்மன்னனின் அரசியருள் ரூபவதியையே சூளவம்சம் விரிவாகப் புகழ்கின்றது. லீலாவதி அரசியலில் முன்னுக்கு வருவது கணவன் இறந்து பதினொரு ஆண்டுகளின் பின்னராகும்.

நிஸ்ஸங்கமல்லன் இறந்த பின்னர் குறுகிய காலத்துள் மூவர் அரியணை ஏறி இறங்கினர். அவர்களுள் கடைசியானவன் சோடகங்கன். கீர்த்தி என்னும் சேனாதிபதி அவனது கண்களைக் குருடாக்கிப் பதவி நீக்கி, 1197 இல் லீலாவதியை முடிசூட்டினான். 1200 இல் சாகசமல்லன் அரசனாகியதோடு அவளது முதல் ஆட்சி முடிந்தது. 1209 இல் வேறொரு சேனாதிபதி அவளை மீண்டும் அமர்த்தினான். அடுத்த ஆண்டே உலோகேஸ்வரன் அகற்றினான். 1211 இல் பராக்கிரமன் என்னும் சேனாதிபதி மூன்றாம் முறை முடிசூட்டினான். 1212 இல் பாண்டிய நாட்டிலிருந்து வந்த பராக்கிரம பாண்டியன் ஆட்சியைக் கைப்பற்றினான்.

படைபலம் கையில் இருந்தும் சேனாதிபதிகள் தாமே ஏன் அரசராகவில்லை? இதுதான் முக்கியமான கேள்வி. அரச குலத்தவரே ஆள வேண்டும் என்ற கருத்து அன்று வேரூன்றியிருந்தது. நிஸ்ஸங்கமல்லனின் கல்வெட்டொன்று, அரசனோ இளவரசனோ இல்லாவிடின் அரசியை அமர்த்துங்கள், அவளும் இல்லாவிடின் முன்னைய மன்னரின் பாதணியையாவது வைத்து ஆளுங்கள் என்ற கருத்தைக் கூறுகின்றது. (செருப்புக்கு முன்னால் அரசிக்கு இடம் கிடைத்தது என்று எங்கள் வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள். சிரிப்பு வந்தாலும் சரிதான்.)

“அப்படியென்றால் லீலாவதி வெறும் பொம்மைதானே, சேர்?” என்று அவளே அடுத்ததாகக் கேட்டாள். பாதி உண்மை. படை சேனாதிபதிகளிடமே இருந்தது. ஆனால் அவளது செப்பு நாணயங்களைப் பாருங்கள். அவற்றில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. ‘ராணி’ அல்ல, ‘ராஜ’. ஆண் மன்னருக்குரிய பட்டத்தோடுதான் அவளது காசு சந்தையில் புழங்கியது. அனுராதபுரத்தில் அன்னதான மடம் அமைத்ததை அவளது கல்வெட்டு கூறுகின்றது. தர்மகீர்த்தி தேரரின் ‘தாதாவம்சம்’ என்ற பாளி நூலும் அவளது காலத்திற்குரியதே.

சீனாவின் வூ செத்தியானுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அவளும் ஓர் அரசனின் மனைவியே. கணவன் 683 இல் இறந்த பின் புதல்வர்களை அரியணையில் ஏற்றியும் இறக்கியும், 690 இல் தன்னையே பேரரசராகப் பிரகடனம் செய்து 705 வரை ஆண்டாள். அங்கே அரசி பிறரை நகர்த்தினாள். இங்கே பிறர் அரசியை நகர்த்தினர்.

விடை எழுதும்போது 1197 - 1212 எனச் சேர்த்து, லீலாவதி பதினைந்து ஆண்டுகள் ஆண்டாள் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று ஆட்சிகளும் சேர்ந்தே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்தான். இடையில் 1202 - 1208 வரை ஆண்ட கல்யாணவதி, நிஸ்ஸங்கமல்லனின் அரசி. முதலாம் விஜயபாகுவுக்கும் லீலாவதி என்ற பெயரில் ஓர் அரசி இருந்தாள்; அவள் வேறு.